மாடி மழைநீர்க் குழாய் சுத்தம்: எவ்வளவு கேட்பது?

போனிலேயே விலை சொல்லாதீர்கள். தண்டையார்பேட்டையில் ஒரு மாடியில் குழாய் வாயைத் திறந்தால் வேப்பிலை, புறாச் சிறகு, மாஞ்சா நூல் எல்லாம் சேர்ந்து கட்டியாக இறுகியிருந்தது, ஒரு மணி நேர வேலை அரை நாளானது. நேரில் போய்க் குழாய்களை எண்ணுங்கள், சந்துக்குள் ஏணி நுழையுமா என்றும் பாருங்கள்.

அப்புறம் கணக்கு: இரண்டு ஆளுக்கு அரை நாள் கூலி 1000, ஏணி வாடகை, கோணிப்பை, பெட்ரோல் 300 என்றால் அடக்கமே 1300, அதன்மேல் 400 வையுங்கள். அக்டோபரில் வடகிழக்குப் பருவமழை தொடங்கும்போது எல்லோரும் ஒரே நேரத்தில் கூப்பிடுவார்கள், அதனால் ஆகஸ்டிலேயே கூப்பிடுபவருக்குக் கொஞ்சம் குறைத்துக் கொடுக்கலாம்.

"அந்தச் சாக்கடைக் குழியையும் பார்த்துடுங்க" என்பார்கள். எவ்வளவு கொடுத்தாலும் ஆளை இறக்காதீர்கள், பாதுகாப்புக் கருவி இல்லாமல் இறக்குவது மனிதக் கழிவை மனிதரே அள்ளுவதைத் தடுக்கும் 2013 சட்டப்படி குற்றம், உயிரும் போகும்.