காசநோய்க் கிருமியின் ஜீனோம் படிக்க வருபவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

புதிதாக ஆய்வுக்கு வருபவர்கள் எங்கள் காலத்துத் தவறுகளையே அச்சுப் பிசகாமல் செய்கிறார்கள். குழாயில் பெயர் மாற்றி ஒட்டுவது, கலப்படக் கல்ச்சரை (ஆய்வகத்தில் வளர்த்த கிருமியை) அனுப்புவது எல்லாம் யாரும் சொல்வார்கள். அவற்றை விட்டுவிடுகிறேன்.

எச்37ஆர்வி-தான் சரியான கிருமி என்று நினைப்பது

இதற்கு மட்டும் எனக்கு இன்னும் எரிச்சல் வரும். ஒப்பீட்டுக்கு எல்லோரும் எடுத்துக்கொள்ளும் எச்37ஆர்வி, 1905-இல் அமெரிக்காவில் ஒரு நோயாளியிடமிருந்து எடுத்த கிருமியின் வாரிசு. 1998-இல் முதன்முதலாக முழுதாகப் படிக்கப்பட்ட காசநோய் ஜீனோம், அதன் 44 லட்சம் டிஎன்ஏ எழுத்துகள்தான். அதனால் அளவுகோல் ஆனது. மற்றபடி அது காசநோய்க் கிருமிக் குடும்பத்தின் நான்காம் கிளையைச் சேர்ந்த ஒரு திரிபு, அவ்வளவுதான். தமிழ்நாட்டில் அதிகம் கிடைப்பதோ முதலாம் கிளை. மதுரைப் பேச்சை வைத்துக்கொண்டு நெல்லைக்காரர் பேச்சில் பிழை எண்ணினால் எப்படி இருக்கும்?

ஒரு மாணவர் அதைத்தான் செய்தார். உள்ளூர் மாதிரிகள் அத்தனையிலும் ஜைர்ஏ மரபணுவின் 95-ஆம் இடம் மாறியிருக்கிறது, எல்லாமே லெவோஃப்ளாக்சசின் என்ற மருந்துக்கு அடங்காதவை என்று ஸ்லைடு போட்டார். கல்ச்சர் பரிசோதனையோ மருந்துக்குக் கட்டுப்படுகிறது என்றது. அவர் சந்தேகப்பட்டது கல்ச்சர் ஆய்வகத்தை! எல்லாவற்றையும் திரும்ப வளர்க்கச் சொன்னார். இரண்டாகப் பிரியவே கிட்டத்தட்ட ஒரு நாள் எடுத்துக்கொள்ளும் கிருமி இது. வாரக்கணக்கில் காத்திருந்தோம், அதே பதில்தான் வந்தது.

95-இல் செரின் என்ற அமினோ அமிலம் இருப்பது எச்37ஆர்வி-க்கும் அதன் நெருங்கிய சொந்தங்களுக்கும் மட்டும்தான். உலகில் பெரும்பாலான திரிபுகளில் அங்கே த்ரியோனின். மாறிப்போனது அளவுகோல்! கேட்ஜி மரபணுவின் 463-உம் இதே கதை: அங்கே லூசின் என்ற அமினோ அமிலம் இருப்பது கிளையின் அடையாளம், ஐசோனியாசிட் மருந்துக்கு எதிர்ப்பு அல்ல. எதிர்ப்பைத் தேடினால் முதலில் கேட்ஜி 315, ஜைர்ஏ 90, 91, 94 ஆகிய இடங்களைப் பாருங்கள். உலக சுகாதார நிறுவனம் 2021-இல் வெளியிட்டு 2023-இல் புதுப்பித்த பிறழ்வுப் பட்டியல் இருக்கிறது. அதைத் திறந்து பார்க்காமல் எதிர்ப்பு என்று ஒரு வரிகூட எழுதாதீர்கள்.

ஐஎஸ்6110-ஐ மட்டும் நம்புவது

ஐஎஸ்6110 என்ற இந்த டிஎன்ஏ துண்டு ஜீனோமில் எத்தனை இடங்களில், எங்கெங்கே இருக்கிறது என்று பார்த்துத் திரிபுகளைப் பிரிப்பது பழைய முறை. பெய்ஜிங் வகையில் பெரும்பாலும் பத்துக்கு மேல் இருக்கும். தென்னிந்தியத் திரிபுகள் பலவற்றில் ஒன்றுதான். சிலவற்றில் அதுவும் இல்லை. பரிசோதனையில் ஒற்றைப் பட்டை, அதாவது ஒரே ஒரு துண்டு, தெரிந்த நோயாளிகளை எல்லாம் ஒரே தொற்றுச் சங்கிலியில் கோத்துவிடாதீர்கள்.

எண் குழப்பம்

ரிஃபாம்பிசின் மருந்துக்கான எதிர்ப்பைத் தேடும் ஆர்பிஓபி மரபணுவில் 531-உம் 450-உம் ஒரே இடம். முன்னது ஈ.கோலை பாக்டீரியாவின் எண் கணக்கு, பின்னது காசநோய்க் கிருமியினுடையது.

பிஇ/பிபிஇ மரபணுக்கள்

ஒன்றுபோலவே திரும்பத் திரும்ப வரும் பகுதிகள் நிறைந்த மரபணுக்கள் இவை. குட்டை வாசிப்புகளை (கருவி துண்டுதுண்டாகப் படித்துத் தரும் சிறு டிஎன்ஏ வரிகளை) மட்டும் வைத்து இங்கே கை வைக்காதீர்கள்.

வித்தியாசம் குறைவு என்றால் தொற்று நிரூபணம் என்பது

இந்தக் கிருமியில் இரண்டு வருடத்துக்கு ஏறக்குறைய ஓர் எழுத்துதான் மாறும். இரண்டு நோயாளிகளின் கிருமிகளுக்கு இடையே வித்தியாசம் 12 எழுத்துக்குள் இருந்தால் தொடர்பு இருக்கலாம், சரி. ஆனால் அப்பாவுக்கும் மகளுக்கும் பூஜ்ஜியம் என்று வந்தால், யாரிடமிருந்து யாருக்குப் போனது? இருவருக்கும் பக்கத்து வீட்டுக்காரரிடமிருந்து வந்திருந்தால்? கம்ப்யூட்டரை மூடிவிட்டு, யாருக்கு முதலில் இருமல் தொடங்கியது என்று அந்த வீட்டில் போய்க் கேளுங்கள்.