எச்சரிக்கை விளக்கு வயரிங்: பாசிட்டிவ், நெகட்டிவ் பார்க்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

டேஷ்போர்டில் பழைய பல்பை எடுத்துவிட்டு எல்இடி போட்டதும் எரியவில்லை என்றால், எல்லோரும் முதலில் எல்இடியைத்தான் சந்தேகப்படுகிறார்கள். பெரும்பாலும் கோளாறு வயரை அடையாளம் கண்ட விதத்தில் இருக்கும். இழை பல்பை எப்படி மாற்றிக் கொடுத்தாலும் எரியும். எல்இடிக்கு ஒரே திசைதான்.

வயரின் நிறத்தை மட்டும் நம்பாதீர்கள். ஜெர்மனியின் டின் (DIN) தர முறையில் பழுப்பு வயர் எர்த் (பொதுவாகப் பேட்டரி நெகட்டிவோடு சேர்ந்த பாடி), கறுப்பு வயர் இக்னிஷன் போட்டதும் பாசிட்டிவ் வரும் வயர். பிரிட்டிஷ் முறையிலோ கறுப்புதான் எர்த். வீட்டு வயரிங்கில் பழுப்பை லைன் என்று பார்த்துப் பழகியவர் காரில் தலைகீழாக எடுத்துக்கொள்வார். 1960களுக்கு முந்தைய பிரிட்டிஷ் வண்டிகள் பலவற்றில் பாடியே பாசிட்டிவ். இது போக, நமக்கு முன்னால் கை வைத்தவர் கிடைத்த வயரை ஒட்டுப்போட்டும் வைத்திருப்பார்.

சரி, மல்டிமீட்டர் இருக்கிறதே என்றால், அதிகம் பேர் ஏமாறுவது அதில்தான். ஆயில் பிரஷர், ஹேண்ட்பிரேக் விளக்குகளில் பொதுவாகப் பாசிட்டிவ் இக்னிஷனிலிருந்து நேராக பல்புக்கு வந்து நிற்கும். ஸ்விட்ச் வேலை செய்வது எர்த் பக்கத்தில்; ஆயில் பிரஷர் இறங்கினால் அது வயரை எர்த்தோடு சேர்த்து விளக்கை எரியவைக்கும். ஆயில் ஸ்விட்சிலிருந்து வயரைக் கழற்றி, இக்னிஷன் போட்டு அளந்தால் மீட்டர் 12 வோல்ட் காட்டும். உடனே அதைப் பாசிட்டிவ் வயர் என்று முடிவு கட்டிவிடுவார்கள். உண்மையில் அது பல்பின் இழை வழியாக வந்து நிற்கும் வோல்ட்.

என்னிடம் வந்த ஒரு வண்டியில் அப்படித்தான் நடந்திருந்தது. பழைய பல்பை அதன் இடத்திலேயே விட்டுவிட்டு, ஆயில் ஸ்விட்ச் வயருக்கும் பாடிக்கும் நடுவில் எல்இடி கொடுத்திருந்தார்கள். இன்ஜின் ஓடி பிரஷர் நன்றாக இருக்கும்போது எல்இடி எரிந்தது. பிரஷர் இறங்கினால் அணைந்துவிடும். ஆபத்து வரும் நேரத்தில் அணைகிற விளக்கைப் பார்த்து ஓட்டுபவர் நிம்மதியாக இருப்பார். அதை நினைத்தால் எனக்கு இன்றும் பதறுகிறது.

அதனால் பல்பைக் கழற்றிவிட்டு ஹோல்டரிலேயே அளவெடுங்கள். மீட்டரின் கறுப்பு முனையைப் பேட்டரி நெகட்டிவில் வையுங்கள். பெயின்ட் அடித்த போல்ட்டில் வைத்தால் அளவு தப்பும். இக்னிஷன் போட்டு, இன்ஜினை ஓட்டாமல் பார்த்தால் ஒரு பக்கம் 12 வோல்ட் இருக்கும், அது பாசிட்டிவ். இன்னொரு பக்கம் பூஜ்யம் காட்டினால் அதை எர்த் என்று முடிவு செய்யாதீர்கள். அறுந்து தொங்கும் வயரும் பூஜ்யம்தான் காட்டும். சிவப்பு முனையைப் பேட்டரி பாசிட்டிவிலும், கறுப்பு முனையை அந்தப் பக்கத்திலும் வையுங்கள். 12 வோல்ட் வந்தால் எர்த் உண்மையிலேயே கிடைக்கிறது. ஆயில் விளக்கு வயரில் இன்ஜின் ஓடத் தொடங்கியதும் இந்த 12 வோல்ட் போய்விட வேண்டும்.

எல்லா விளக்கும் இப்படி இல்லை. ஹை பீம் விளக்கு பல வண்டிகளில் பாசிட்டிவ் பக்கம் ஸ்விட்ச் ஆகும். இண்டிகேட்டருக்கு ஒரே விளக்கு இருந்தால், பல வண்டிகளில் அது இடது, வலது வயர்களுக்கு நடுவில் இருக்கும். எந்தப் பக்கம் போடுகிறோமோ அதற்கேற்ப மின்சாரம் போகும் திசை மாறும். அங்கே எல்இடி ஒரு பக்கத்துக்குத்தான் எரியும். இரண்டு வயரிலிருந்தும் தனித்தனி டையோடு (மின்சாரத்தை ஒரே திசையில் விடும் பாகம்) வைத்து எல்இடியின் பாசிட்டிவுக்குக் கொண்டுவந்து, அதன் நெகட்டிவை எர்த்துக்குக் கொடுக்க வேண்டும்.

சார்ஜ் விளக்கில் அவசரப்படாதீர்கள். பேட்டரியைச் சார்ஜ் செய்யும் ஆல்டர்னேட்டர்கள் பலவற்றுக்குத் தொடக்க மின்சாரம் அந்த பல்ப் வழியாகத்தான் போகிறது. வெறும் எல்இடியை மாட்டினால் சார்ஜ் ஆகாமல் போகலாம். அதோடு இணையாகப் பொருத்தமான ரெசிஸ்டர் (மின்தடை) வேண்டும்.

ரெசிஸ்டரே இல்லாத சாதாரண எல்இடியை நேராகக் கொடுப்பதும் அடிக்கடி நடக்கிறது. இன்ஜின் ஓடும்போது 12 வோல்ட் வண்டியில் 14 வோல்ட்டுக்கு மேல் போகும். சிவப்பு எல்இடிக்குத் தொடராக 680 ஓம் வைத்தால் சுமார் 18 மில்லி ஆம்பியர்தான் போகும், அது போதும். லாரியின் 24 வோல்ட்டுக்கு இந்தக் கணக்கு ஆகாது.

ஏர்பேக் வயரில் மட்டும் டெஸ்ட் லேம்பையோ மீட்டரையோ வைக்கவே வேண்டாம். பொதுவாக மஞ்சள் உறையில் இருக்கும்.

டேஷ்போர்டை மூடும் முன் இக்னிஷனை மட்டும் போட்டு, ஹேண்ட்பிரேக்கை இழுத்துவிட்டுப் பாருங்கள். ஆயில், சார்ஜ், ஹேண்ட்பிரேக் மூன்றும் எரிய வேண்டும். ஸ்டார்ட் செய்ததும் முதல் இரண்டும் அணைய வேண்டும். அப்புறம் ஆயில் ஸ்விட்ச் வயரைக் கழற்றி ஒரு நொடி பாடியில் தொட்டுப் பாருங்கள். ஆயில் விளக்கு மறுபடி எரிந்தால் திருகுகளைப் பூட்டலாம்.