பில்ட் சர்வரில் ‘புதுசு’ என்று பெயர் வைக்காதீர்கள்

மாம்பழ சீசன் உச்சத்தில் இருந்த ஒரு ஜூன் மாதக் காலை. கிருஷ்ணகிரி பக்கம் ஒரு மாங்கூழ் ஆலையின் எடைமேடையிலிருந்து போன் வந்தது. “சார், சீட்டுல பூரா கேள்விக்குறியா வருதுங்க. வெளியில வண்டி வரிசை கட்டி நிக்குது.” அந்தச் சீட்டை அச்சடிப்பது நாங்கள் எழுதிக் கொடுத்த மென்பொருள். வாட்ஸ்அப்பில் படம் அனுப்பச் சொல்லிப் பார்த்தோம். எடை சரி, வண்டி எண் சரி, தொகையும் சரி. தமிழில் இருக்க வேண்டிய தலைப்புகள் மட்டும் போய்விட்டன. கிருஷ்ணகிரி என்று இருக்க வேண்டிய இடத்தில் வரிசையாக 33 கேள்விக்குறிகள். சீட்டைக் கையில் வாங்கிய விவசாயி, “ஊரு பேரே இல்லாத சீட்ட நான் யார்கிட்டக் காட்றது?” என்று கேட்டிருக்கிறார். அவர் கேட்டது நியாயம்.

எங்கள் மேசைக் கணினிகளில் அதே கோடு, அதாவது அதே நிரல், தமிழை ஒழுங்காகக் காட்டியது. மறுபடி பில்ட் போட்டோம், சரியாக வந்தது. அனுப்பிவிட்டு நிம்மதியாக வீட்டுக்குப் போனோம். மறுநாள் வேறு ஏதோ சின்னத் திருத்தம் செய்து பில்ட் போட்டால், திரும்பவும் கேள்விக்குறி. காரணத்தைக் கண்டுபிடிக்க இரண்டு நாள் ஆனது.

எங்களிடம் இரண்டு பில்ட் சர்வர்கள், அதாவது எழுதிய கோடை ஓடக்கூடிய மென்பொருளாகத் தொகுத்துத் தரும் கணினிகள், இருந்தன. ஒன்று அலுவலகத்திலேயே, இன்னொன்று வாடகைக்கு எடுத்தது. எது சும்மா இருக்கிறதோ அதில் வேலை ஓடும். பில்டுக்கு எந்த ஜாவா வெர்ஷனை எடுக்க வேண்டும் என்று காட்ட, இரண்டிலும் ‘ஜாவா-புதுசு’ என்று ஒரு டூல் பதிவாகியிருந்தது. முதல் சர்வரை அமைத்தபோது புதுசாக இருந்தது ஜாவா 17. இரண்டாவதை அமைத்தபோது 21. பெயர் வைத்த இருவருமே தங்கள் வரையில் சரியாகத்தான் வைத்திருந்தார்கள்.

அந்த 33-க்குக் கணக்கு இருக்கிறது. கிருஷ்ணகிரி என்ற சொல் நம் கண்ணுக்கு ஆறு எழுத்து. யூனிகோடில் துணைக்குறிகளையும் புள்ளியையும் தனித்தனியாக எண்ணினால் 11. எழுத்துகளைப் பைட்டாகச் சேமிக்கும் யுடிஎஃப்-8 முறையில் தமிழின் ஒவ்வொரு குறிக்கும் 3 பைட், ஆக 33. எந்த முறையில் படிக்க வேண்டும் என்று கோடில் சொல்லாமல் விட்டால், ஜாவா 17 வரைக்கும் அது இயங்குதளத்தின் மொழி அமைப்பைப் பார்த்து முடிவெடுக்கும். எங்கள் அலுவலக சர்வரில், பில்டுகளைத் தானாக ஓட்டும் ஜென்கின்ஸ் என்ற மென்பொருள் எந்த மொழி அமைப்பும் இல்லாமல் பின்னணிச் சேவையாக ஓடிக்கொண்டிருந்தது. அதனால் ஜாவா, தமிழ் எழுத்தே இல்லாத வெறும் ஆஸ்கி முறை என்று எடுத்துக்கொண்டு, புரியாத ஒவ்வொரு பைட்டுக்கும் ஒரு கேள்விக்குறியைப் போட்டது. 2022 மார்ச்சில் வந்த ஜாவா 18 முதல் யுடிஎஃப்-8 தான் இயல்புநிலை. அதனால் 21 இருந்த சர்வரில் எதுவும் கெடவில்லை. சீட்டு அச்சுக்கான மாதிரிகளைப் பில்டின்போதே தயாரித்து உள்ளே வைத்து அனுப்புவோம். எனவே எந்த சர்வரில் ஓடியதோ அதன் விளைவு அப்படியே ஆலைக்குப் போய்ச் சேர்ந்தது.

கோடிலும் குற்றம் உண்டு. எழுத்து முறையை வெளிப்படையாகச் சொல்லியிருக்க வேண்டும்; இப்போது சொல்லிவிட்டோம். ஆனால் அந்தத் தவறைக் கண்டுபிடிக்க விடாமல் இரண்டு நாள் மறைத்து வைத்தது பெயர்தான். இரண்டு சர்வர்களின் லாக்கையும், அதாவது பில்ட் ஓடியபோது எழுதப்பட்ட பதிவையும், பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தோம். இரண்டிலும் ‘ஜாவா-புதுசு’ என்றே இருந்தது. ஒன்றுதான் என்று நம்பிவிட்டோம்.

நேரத்தைச் சொல்லும் பெயர்கள்

புதுசு, பழசு, லேட்டஸ்ட், டீஃபால்ட், ஸ்டேபிள். இவை எதுவும் பொருளின் பெயர் அல்ல, பெயர் வைத்த நாளின் நிலவரம். கிருஷ்ணகிரியில் புதுப்பேட்டை இருக்கிறது, பழையபேட்டையும் இருக்கிறது. புதுப்பேட்டை என்ற பெயரைக் கேட்டு இப்போதுதான் கட்டினார்கள் என்று யாரும் நினைப்பதில்லை, ஏனென்றால் ஊர்க்காரர்களுக்கு இடம் தெரியும். பில்ட் சர்வரில் நேற்று வேலைக்குச் சேர்ந்த பையனுக்கு எது எங்கே என்று தெரியாது. அவன் பெயரை மட்டும்தான் பார்ப்பான்.

ஜாவாஸ்கிரிப்டை ஓட்டும் நோட் பயன்படுத்துகிறவர்கள் ‘எல்டிஎஸ்’ (நீண்டகால ஆதரவு) என்று பெயர் வைத்துவிட்டு அதை நிலையானது என்று நினைக்கிறார்கள். இரட்டைப்படை வெர்ஷன் ஒவ்வொன்றும் அக்டோபரில்தான் நீண்டகால ஆதரவுக்குள் வருகிறது: 2022-இல் 18, 2023-இல் 20, 2024-இல் 22. ஆகவே செப்டம்பரில் அமைத்த சர்வரும் நவம்பரில் அமைத்த சர்வரும் ஒரே சொல்லுக்கு வெவ்வேறு பொருள் தரும். மென்பொருளைத் தேவையானவற்றோடு ஒரே இமேஜாகக் கட்டித் தரும் டாக்கரில், அந்த இமேஜுக்கு வைக்கும் ‘லேட்டஸ்ட்’ என்ற டேகும் அப்படித்தான். நீங்கள் எதையும் குறிப்பிடாதபோது தானாக ஒட்டிக்கொள்ளும் சொல் அது. அந்த இமேஜ்தான் இருப்பதிலேயே புதியது என்பதற்கு எந்த உத்தரவாதமும் இல்லை.

எப்போதும் புதியதோடு ஓட்டிப் பார்க்க வேண்டிய வேலை ஒன்றிரண்டு இருக்கலாம். அதற்கென்று ‘நகரும் பெயர்’ ஒன்றை வைத்துக்கொள்ளுங்கள், ஆனால் வாடிக்கையாளருக்குப் போகும் எதையும் அதில் பில்ட் செய்யாதீர்கள்.

எவ்வளவு நுணுக்கமாகப் பெயர் வைப்பது

இதில்தான் அதிகம் தடுமாறுவோம். சூடு பட்ட பிறகு நாங்கள் அடுத்த கோடிக்குப் போனோம்: 17.0.9 என்று கடைசிப் புள்ளி வரைக்கும் பெயரில் வைத்தோம். ஜாவாவுக்கு ஜனவரி, ஏப்ரல், ஜூலை, அக்டோபர் என மூன்று மாதத்துக்கு ஒரு முறை பாதுகாப்புத் திருத்தம் வரும். ஒவ்வொரு முறையும் எல்லா ஜாபையும், அதாவது சர்வரில் அமைத்து வைத்திருக்கும் பில்ட் வேலைகளை, திறந்து பெயரை மாற்ற வேண்டும், அல்லது பெயரை அப்படியே விட்டுவிட்டு உள்ளே மட்டும் மாற்ற வேண்டும். சோம்பலில் யாரோ இரண்டாவதைச் செய்தார்கள். பெயர் 17.0.9, உள்ளே இருந்தது 17.0.11. இது ‘புதுசு’ என்பதைவிட மோசம், ஏனென்றால் துல்லியமான எண்ணை யாரும் சந்தேகப்படுவதில்லை.

என் தீர்ப்பு இது: எந்த எண் மாறினால் நம் வேலை உடையக்கூடுமோ, அதுவரை பெயரில் இருக்கட்டும். ஜாவாவுக்கு முதல் எண் போதும், 17 அல்லது 21. அதன் கீழே வரும் திருத்தங்களை எல்லா சர்வர்களிலும் ஒரே நாளில் ஏற்றுங்கள். ஜாவா கோடைத் தொகுக்க உதவும் மேவன் என்ற கருவிக்கு முதல் எண் போதாது. ‘மேவன்-3’ என்று ஒரு பெயரை வைத்துவிட்டு, உபுண்டு 22.04-இல் ஆப்ட் வழியாக நிறுவினால் கிடைப்பது 3.6.3. அதே பெயரில் இன்னொருவர் வேறு சர்வரில் தளத்திலிருந்து இறக்கி 3.8 போடுவார். 2021-இல் வந்த 3.8.1 முதல், எச்டிடிபிஎஸ் (பாதுகாப்பான இணைப்பு) அல்லாத வெளிக் களஞ்சியங்களை, அதாவது தேவையான நூலகங்களை இறக்கும் தளங்களை, மேவன் இயல்பாகவே தடுத்துவிடுகிறது. பழைய உள்ளமைவு உள்ள ஒரு ப்ராஜெக்ட் ஒரு சர்வரில் ஓடும், இன்னொன்றில் நிற்கும். எனவே மேவனுக்கு இரண்டு எண் வேண்டும்.

யாருடைய வெளியீடு என்பதும் பெயரில் இருக்கட்டும். ஆரக்கிளின் ஜாவா 8-இல், திரைகளை வடிவமைக்க உதவும் ஜாவாஎஃப்எக்ஸ் உள்ளேயே வந்தது. திறந்த மூல ஜாவாவான ஓபன்ஜேடிகே 8-இன் பெரும்பாலான வெளியீடுகளில் வராது. எடைமேடைத் திரை மாதிரி மேசைமென்பொருள் செய்கிறவர்களுக்கு இந்த வித்தியாசம் ஒரு முழு நாளைத் தின்னும். டெமுரின் அப்படி ஒரு ஓபன்ஜேடிகே வெளியீடு; ‘டெமுரின்-17’ என்று எழுதினால் கேள்வியே எழாது.

எண்களில் உள்ள பொறிகள்

பைத்தான் மொழியின் 3.10 வெர்ஷன் வந்தது 2021 அக்டோபரில். அமைப்புகளை எழுதி வைக்கும் யாமெல் கோப்பில் அதை மேற்கோள் குறி இல்லாமல் எழுதினால் தசம எண்ணாகப் படித்து, கடைசிப் பூஜ்யத்தை உதறிவிட்டு 3.1 என்று வைத்துக்கொள்ளும். அகரவரிசையில் அடுக்கும்போதும் 3.10, 3.9-க்கு மேலே போய் உட்காரும். பட்டியலின் கடைசியில் இருப்பதைப் புதியது என்று எடுக்கும் ஸ்கிரிப்ட் ஏமாறும். வெர்ஷன் என்பது எண் அல்ல, பெயர். எப்போதும் மேற்கோளுக்குள் எழுதுங்கள்.

ஜாவா 8-ஐக் கேட்டால் தன்னை 1.8 என்று சொல்லிக்கொள்ளும். 2017 செப்டம்பரில் 9 வந்தபோது முன்னால் இருந்த 1 போய்விட்டது. ஆனால் ஒரு சர்வரில் 1.8 என்றும் இன்னொன்றில் 8 என்றும் பதிவாகியிருப்பதை இன்றும் பார்க்கிறேன். நம் ஊர் வழியாகப் போகும் நெடுஞ்சாலையைப் பழைய எண்ணில் 7 என்று சொல்கிறவரும் புதிய எண்ணில் 44 என்று சொல்கிறவரும் ஒரே சாலையில் போய்ச் சேர்ந்துவிடுவார்கள். ஜென்கின்ஸுக்கு அந்த அனுபவம் கிடையாது, எழுத்துக்கு எழுத்து ஒத்துப்போனால்தான் அதே டூல். ஆங்கிலப் பெரிய எழுத்து, சின்ன எழுத்து, இடைக்கோடு, அடிக்கோடு எல்லாம் இதில் சேர்த்தி. எல்லாம் சின்ன எழுத்து, நடுவில் இடைக்கோடு என்று ஒரே வழக்கத்தை வையுங்கள்.

பெயரை மாற்றுவது

தவறான பெயரைப் பார்த்ததும் உடனே திருத்தத் தோன்றும். செய்யாதீர்கள். ஜென்கின்ஸில் ஒவ்வொரு ஜாபும் டூலின் பெயரை வெறும் எழுத்தாகத்தான் வைத்திருக்கிறது. நீங்கள் அமைப்புப் பக்கத்தில் பெயரை மாற்றினால் பைப்லைன் வேலைகள் (படிகளைக் கோடாக எழுதி வைத்த ஜாப்கள்) அப்படி ஒரு டூல் இல்லை என்று சொல்லி நிற்கும். அது பரவாயில்லை, உடனே தெரிந்துவிடும். பழைய பாணி ஜாப்கள் நிற்காமல் கணினியில் இருக்கும் ஏதோ ஒரு ஜாவாவோடு ஓடிப் பச்சை விளக்கும் காட்டக்கூடும். அதுதான் ஆபத்து.

1965-இல் சேலத்திலிருந்து தர்மபுரி பிரிந்தது. 2004-இல் தர்மபுரியிலிருந்து கிருஷ்ணகிரி பிரிந்தது. என் தாத்தா காலத்துப் பத்திரத்தில் சேலம் ஜில்லா என்று இருக்கிறது, அப்பா வாங்கிய நிலத்தின் பத்திரத்தில் தர்மபுரி மாவட்டம். யாரும் பழைய பத்திரத்தில் அடித்துத் திருத்தவில்லை. பழைய பெயர் எதைக் குறித்ததோ அதையே குறிக்க விட்டார்கள், புதிய பத்திரங்கள் புதிய பெயரில் வந்தன. சர்வரிலும் அதையே செய்யுங்கள். புதிய பெயரைக் கூடுதலாகச் சேருங்கள். பழைய பெயரை எல்லா சர்வர்களிலும் ஒரே வெர்ஷனுக்குக் கட்டிவைத்து, மேலே கை வைக்காமல் விடுங்கள். ஜாப் கோப்புகளில் பழைய பெயரைத் தேடி எடுத்து, ஒவ்வொன்றாக நகர்த்துங்கள். ஒரு இடத்திலும் இல்லை என்றான பிறகு மட்டும் நீக்குங்கள்.

ஜாபுக்குள் நேராக அடைவுப் பாதையை எழுதுவதையும் விட்டுவிடுங்கள். இரண்டாவது சர்வர் வரும் நாள் அது உடையும்.

ஒவ்வொரு பில்டின் முதல் வேலையாக வெர்ஷனை அச்சிட வையுங்கள். மேவனிடம் வெர்ஷன் கேட்டால் தன் எண்ணோடு நிற்காது; எந்த ஜாவா, எந்த இடத்திலிருந்து, எந்த மொழி அமைப்பு, எந்த எழுத்து முறை என்று சேர்த்துச் சொல்லும். அன்று அந்த வரி லாக்கில் இருந்திருந்தால் ஒரு பக்கம் 17-ம் ஆஸ்கியும், இன்னொரு பக்கம் 21-ம் யுடிஎஃப்-8-ம் கண் முன்னால் தெரிந்திருக்கும். இரண்டு நாள் வேலை ஐந்து நிமிடத்தில் முடிந்திருக்கும், வரிசையில் நின்ற வண்டிகளும் போயிருக்கும்.

எங்கள் சர்வர்களில் ‘ஜாவா-புதுசு’ இன்னும் இருக்கிறது. இரண்டிலும் 17-க்குக் கட்டிவைத்திருக்கிறோம். ஆரம்பத்தில் அதைப் பிடித்துக்கொண்டிருந்தவை 14 ஜாப்கள், இப்போது 2. அடுத்த சீசனில் எடைமேடைக்கு முதல் வண்டி வருவதற்குள் அந்த இரண்டையும் ‘டெமுரின்-21’-க்கு நகர்த்திவிடுவோம்.