வீட்டில் செய்த ஃபைபர் ஸ்கேட்போர்டுக்குப் பளிச்சென்ற வண்ணம்: தொடக்கநிலையாளர்களுக்கான செய்முறை

மரத்தகடுகளையும் கண்ணாடி இழைத் துணியையும் எப்பாக்சி ரெசினால் ஒட்டி வீட்டிலேயே ஸ்கேட்போர்டுப் பலகை செய்பவர்களுக்கு, பலகை உறுதியாக அமைந்த பிறகும் ஒரு குறை மிஞ்சுவதுண்டு. ரெசினில் கலந்த சிவப்பு செங்கல் நிறமாகத் தெரியும். மஞ்சள் சேற்று நிறத்துக்குப் போய்விடும். நிறமியைக் கூடுதலாகக் கொட்டினால் சரியாகிவிடும் என்று பலர் எண்ணுகிறார்கள். காரணம் நிறமியின் அளவில் இல்லை, அடியில் இருக்கிறது. ரெசினில் நனைந்த கண்ணாடி இழைத் துணி தன் வெண்மையை இழந்து, ஒளி ஊடுருவும் படலமாகிவிடும். அதற்குள் நுழையும் வெளிச்சம் அடியிலுள்ள மரத்தின் பழுப்பைத் தொட்டுத்தான் நம் கண்ணுக்குத் திரும்புகிறது. அடியில் கார்பன் இழை இருந்தால் வெளிச்சம் திரும்புவதே இல்லை. ஆகவே பளிச்சென்ற வண்ணம் வேண்டுமென்றால் முதலில் வெள்ளைத் தளம், அதன்மேல் வண்ணம், அதற்கும் மேல் மெல்லிய தெளிந்த பூச்சு என்ற வரிசையை மாற்றக் கூடாது. புதுச் சுவருக்கு வண்ணம் அடிக்கும் முன் வெள்ளை பிரைமர் அடிக்கும் அதே முறைதான் இது.

பலகையின் மேற்பக்கத்தைச் சொரசொரப்பான கிரிப் டேப் மூடிவிடும் என்பதால், வண்ண வேலை முழுவதையும் அடிப்பக்கத்துக்கே செலவிடுங்கள். கம்பியிலும் திண்ணை விளிம்பிலும் சறுக்கி விளையாடுபவர்களின் பலகையில் மேலே பூசிய பெயின்ட் விரைவில் உரிந்துவிடும். கண்ணாடி இழைக்கு அடியில் இருக்கும் வண்ணம் அப்படிப் போகாது. அதனால் இங்கே விளக்குவது இழைக்கு அடியில் வண்ணம் வைக்கும் முறையை மட்டுமே.

முதல் படி: வெள்ளைத் தளம்

பலகையின் மரப்பரப்பை முதலில் 80 எண் உப்புத்தாளாலும் பிறகு 120 எண் தாளாலும் தேய்த்து, தூசியை முழுமையாகத் துடைத்துவிடுங்கள். டைட்டானியம் டை ஆக்சைடு அடங்கிய, எப்பாக்சிக்கென்றே விற்கப்படும் வெள்ளை நிறமிப் பசையை ரெசின் எடையில் 5 சதவீதம் அளவுக்குச் சேர்க்கலாம். சுவர் பெயின்டுக்கு விற்கும் ஸ்டெய்னர், போஸ்டர் கலர் போன்ற நீர் கலந்த எதையும் சேர்க்க வேண்டாம். நீர் ரெசின் கெட்டிப்படுவதைக் கெடுக்கும்.

அளவை எப்போதும் எடையால் பாருங்கள். பரவலாகப் புழங்கும் எல்.ஒய். 556 ரெசினுக்கு, அதைக் கெட்டிப்படுத்தும் எச்.ஒய். 951 ஹார்ட்னர் எடையில் 10-க்கு 1 என்ற விகிதத்தில் சேரும். 50 கிராம் ரெசினுக்கு 5 கிராம் ஹார்ட்னர்தான் என்பதால், ஒரு கிராம் தவறினாலே ஹார்ட்னரில் 20 சதவீதப் பிழை வந்துவிடும். சமையலறைத் தராசு இதற்குப் போதாது, 0.1 கிராம் வரை காட்டும் நகைத் தராசு வேண்டும். நிறமியை முதலில் ரெசினில் நன்றாகக் கலந்து, கடைசியாகத்தான் ஹார்ட்னரைச் சேர்க்க வேண்டும். ஹார்ட்னரைக் கணக்கிடும்போது நிறமியின் எடையைச் சேர்த்துக்கொள்ளக் கூடாது.

நம் கொங்குப் பகுதியின் வெயிலை இந்த இடத்தில் கணக்கில் கொள்ள வேண்டும். வெப்பநிலை 10 டிகிரி கூடினால் ரெசின் கையாளக் கிடைக்கும் நேரம் ஏறத்தாழப் பாதியாகும் என்பது பொதுவான கணக்கு. சித்திரை வைகாசியில் ஈரோட்டிலோ கரூரிலோ நண்பகலில் ஒரு டம்ளர் ரெசினைக் கலக்கி வைத்தால், அது தன் சூட்டிலேயே கொதித்துப் புகைந்துவிடக்கூடும். சிறிய அளவுகளாகக் கலந்து, உடனே அகலமான தட்டில் ஊற்றிவிடுங்கள். வேலையைக் காலையில் தொடங்குவதைவிட மாலையில் தொடங்குவது நல்லது. காலையில் வெப்பம் ஏற ஏற மரத்துக்குள் இருக்கும் காற்று விரிந்து, பூச்சில் குமிழியாக வெளிவரும்; மாலையில் வெப்பம் இறங்கும்போது மரம் ரெசினை உள்ளே இழுத்துக்கொள்ளும். ஆடிக் காற்றுக் காலத்தில் பாலக்காட்டுக் கணவாய் வழியாக வரும் காற்று புழுதியைக் கொண்டுவந்து ஈரப் பூச்சில் சேர்க்கும் என்பதால், கதவு சன்னலைச் சாத்தக்கூடிய ஓர் அறை கட்டாயம் தேவை. வேலை முடிந்ததும் அந்த அறையைக் காற்றோட்டமாகத் திறந்துவிட வேண்டும்.

வெள்ளையை ஒரே தடிப்பாகப் பூசாமல் மெல்லிய இரண்டு பூச்சுகளாகப் பூசுங்கள். முதல் பூச்சு விரலில் ஒட்டாமல், ஆனால் விரல் தடம் பதியும் நிலைக்கு வந்ததும் இரண்டாவதைப் பூசினால் இரண்டும் ஒன்றாகப் பிணையும். ஒரு நாள் கடந்துவிட்டால் 220 எண் தாளால் தேய்த்துவிட்டுத்தான் தொடர வேண்டும். ஒரு துண்டு மரத்தில் பென்சிலால் தடித்த கோடு போட்டு, அதன்மேலும் அதே வெள்ளையைப் பூசிப் பாருங்கள். கோடு மறைந்தால் தளம் போதுமானது. கார்பன் பலகைக்கு மூன்றாவது பூச்சும் தேவைப்படலாம்.

இரண்டாம் படி: வண்ணம்

ஒரே நிறம் போதும் என்றால் வேலை எளிது. வெள்ளையின் மேல், நிறமிப் பசையை 3 முதல் 5 சதவீதம் வரை கலந்த ரெசினை மெல்லிய பூச்சாகத் தீட்டினால் போதும். ஒளிரும் பச்சை, ஒளிரும் ஆரஞ்சு போன்ற ஃப்ளூரசன்ட் நிறங்கள் வெயிலில் மற்றவற்றைவிட விரைவாக வெளிறும் என்பதை மட்டும் நினைவில் வையுங்கள்.

ஆனால் கொங்கு நாட்டில் இருப்பவர்களுக்கு இதைவிட நல்ல வழி ஒன்று கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறது. சாயமேற்றிய துணியையே வண்ண அடுக்காக வைக்கலாம். ஈரோட்டு ஜவுளிச் சந்தையிலும் திருப்பூர் காதர்பேட்டையிலும் கிடைக்கும் துணிகளின் நிறத்தையும் அச்சையும் ரெசினில் வரைந்து கொண்டுவர இயலாது. என் கருத்தில் இந்த ஊர்க்காரர்கள் செய்யும் பலகைக்கு இதைவிடப் பொருத்தமான வண்ணம் வேறில்லை.

துணியைத் தேர்ந்தெடுப்பதில் பொறுமை வேண்டும். மெல்லிய, நெருக்கமாக நெய்த பருத்தித் துணி சிறந்தது. பனியன் துணி இழுபடும், வெட்டிய ஓரத்தில் சுருண்டுகொள்ளும்; முதல் பலகைக்கு அதைத் தவிர்த்துவிடுங்கள். பவானி ஜமக்காளம் எவ்வளவு அழகாக இருந்தாலும் அதன் தடிப்பு ரெசினை அளவுக்கு மீறிக் குடித்து, பலகையின் எடையைக் கூட்டிவிடும். அச்சுத் துணியாக இருந்தால், அச்சின் மேல் ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டுப் பாருங்கள். உடனே உறிஞ்சினால் ரெசினும் உள்ளே போகும். ரப்பர் அச்சில் தண்ணீர் முத்தாக நிற்கும். அந்த இடத்தில் ரெசின் ஊடுருவாமல், பிறகு அடுக்கு பிரிந்துவிடும்.

வாங்கிய துணியை அப்படியே ஒட்டக் கூடாது. தறியில் பாவுக்குப் போட்ட கஞ்சியும், தொடுவதற்கு மிருதுவாக இருக்கச் சேர்த்த சிலிக்கான் மென்மையூட்டியும் துணியில் தங்கியிருக்கலாம். இரண்டுமே ரெசின் பிடிப்பதைத் தடுக்கும். சோப்புத்தூளும் சலவைச் சோடாவும் கலந்த வெந்நீரில் ஊறவைத்து அலசி, முழுவதுமாகக் காயவைத்து, இஸ்திரி போட்டுக்கொள்ளுங்கள். அலசிய நீரில் சாயம் தொடர்ந்து இறங்கினால் அந்தத் துணி வேண்டாம். ரெசினில் நனைந்த பருத்தி சற்றுக் கருத்து, ஓரளவு ஒளி ஊடுருவக்கூடியதாகிவிடும் என்பதால், விரும்பும் நிறத்தைவிட ஒரு படி வெளிர் நிறத்தையே தேர்ந்தெடுங்கள். வெள்ளைத் தளம் இல்லாமல் துணியை மரத்தின் மேல் நேரே ஒட்டியவருக்கும், தளத்தோடு ஒட்டியவருக்கும் உள்ள வேறுபாடு இந்த நிலையில்தான் தெரியும்.

மூன்றாம் படி: ஒட்டுதல்

வெள்ளைத் தளம் விரல் தடம் பதியும் நிலையில் இருக்கும்போது தெளிந்த ரெசினை மெல்லியதாகத் தடவி, துணியை நடுவிலிருந்து ஓரம் நோக்கி நீவி ஒட்டுங்கள். அது முழுவதும் நனைந்ததும், அதன்மேல் சதுர மீட்டருக்கு 200 கிராம் எடையுள்ள கண்ணாடி இழைத் துணியை விரித்து, மறுபடியும் ரெசின் ஊட்டி, ரோலரால் குமிழிகளை ஓரத்துக்குத் தள்ளுங்கள். 80 செ.மீ. நீளமும் 25 செ.மீ. அகலமும் உள்ள துண்டின் பரப்பு 0.2 சதுர மீட்டர், அதாவது 40 கிராம் இழை. அதற்கு ஏறத்தாழ அதே எடை ரெசின் போதும். பருத்தி தன் எடையைவிடக் கூடுதலாகவே குடிக்கும். பருத்தி அடுக்கு வண்ணத்துக்கு மட்டுமே. பலகையின் வலிமைக்கு வேண்டிய இழை அடுக்குகளில் ஒன்றைக் குறைத்துவிட்டு அந்த இடத்தில் இதை வைக்கக் கூடாது.

இந்த வேலை முழுவதிலும் நைட்ரைல் கையுறை கழற்றப்படாமல் இருக்கட்டும். எப்பாக்சி ஒவ்வாமை ஒருமுறை வந்தால் பெரும்பாலும் வாழ்நாள் முழுக்கத் தொடரும்.

நான்காம் படி: கழுவி, தேய்த்து, மேற்பூச்சு இடுதல்

ஐப்பசி மழைக்காலம் போன்ற ஈரமான நாட்களில், கெட்டிப்பட்ட ரெசினின் மேல் மெழுகு தடவியது போன்ற வழுவழுப்பு படியும். ஹார்ட்னர் காற்றிலுள்ள ஈரத்தோடும் கரியமில வாயுவோடும் சேர்வதால் வருவது இது. இது நீரில் கரையும். முதலில் தண்ணீரும் நாரும் கொண்டு கழுவிவிட்டு, காய்ந்த பிறகே உப்புத்தாளை எடுங்கள். கழுவாமல் தேய்த்தால் வழுவழுப்பு கீறல்களுக்குள் நிரம்பி, மேற்பூச்சு பிடிக்காது. பிறகு 220, 400 எண் வாட்டர் பேப்பரால் நீர் விட்டுத் தேய்த்தால் தூசியும் பறக்காது. உலர்ந்த நிலையில் தேய்ப்பதானால் தூசி முகமூடியும் முழுக்கைச் சட்டையும் வேண்டும்.

எப்பாக்சி எவ்வளவு தெளிவாக இருந்தாலும் வெயிலின் புற ஊதாக் கதிரால் நாளடைவில் மஞ்சளாகும். வெள்ளைத் தளத்தின் மேல் அந்த மஞ்சள் இன்னும் நன்றாகவே தெரியும். பல்லடம், உடுமலைப்பேட்டைப் பக்கம் சுழலும் காற்றாலை இறக்கைகளும் கண்ணாடி இழையும் ரெசினும் கொண்டவையே. வெயிலிலிருந்து காக்கவே அவற்றுக்கு மேற்பூச்சு இடுகிறார்கள். நம் பலகைக்கு, கார்களுக்கு அடிக்கும் இரண்டு பாகப் பாலியூரித்தேன் கிளியர் கோட் பொருத்தமானது. அதன் ஹார்ட்னரில் மூச்சுக்குக் கேடான ஐசோசயனேட் இருப்பதால் அதை வீட்டில் ஸ்ப்ரே செய்ய வேண்டாம் என்று வற்புறுத்திச் சொல்கிறேன். சாதாரண துணி முகமூடி அதைத் தடுக்காது. ரெசின் ஒரு வாரம் முழுமையாக இறுகிய பிறகு, பலகையைத் தேய்த்த நிலையில் ஒரு கார் பெயின்டிங் பட்டறையில் கொடுத்தால், அங்குள்ள ஸ்ப்ரே அறையில் இரண்டு கோட் அடித்துக் கொடுப்பார்கள்.

சக்கரத் தாங்கிகளுக்கான போல்ட் துளைகளை மேற்பூச்சு நன்றாக இறுகிய பிறகு, வண்ணப் பக்கத்தில் மாஸ்கிங் டேப் ஒட்டி, அந்தப் பக்கத்திலிருந்தே துளையிடுங்கள். எதிர்ப்பக்கத்தில் ஒரு மரக்கட்டையை அழுத்திப் பிடித்தால் அங்கும் விளிம்பு பிய்யாது. துளையின் உட்சுவரில் தெரியும் மரத்துக்குச் சிறு குச்சியால் ரெசின் தடவி, அது காய்ந்த பிறகே போல்ட்டை முடுக்க வேண்டும். இல்லையென்றால் அந்த வழியாக நீர் இறங்கி, துளையைச் சுற்றி வெள்ளைத் தளம் கருக்கத் தொடங்கும்.