நோம்பிக்கு நட்சத்திரப் பாடகரை அழைக்கும் கமிட்டியாருக்கு

கொங்கு வட்டாரத்து மாரியம்மன் நோம்பியில், அதாவது கோயில் திருவிழாவில், பூச்சாட்டு என்னும் தொடக்கச் சடங்கு முடிந்து கோயில் முன் கம்பம் நட்ட நாள்முதல் அம்மனுக்குப் பொங்கல் வைக்கும் நாள் வரையிலான இரவுகள் ஊராருடைய ஆட்டத்துக்கும் பாட்டுக்கும் உரியவை. அவற்றுள் ஓர் இரவை இன்னிசைக் கச்சேரிக்கு ஒதுக்கி, தொலைக்காட்சிப் பாட்டுப் போட்டியில் பெயர் பெற்ற ஒருவரையோ திரைப்படப் பின்னணிப் பாடகர் ஒருவரையோ அழைத்து வருவது இப்போது பல ஊர்களில் வழக்கமாகிவிட்டது. அழைப்பதில் தவறில்லை, கூட்டம் சேரும், கடைகளுக்கு வியாபாரம் நடக்கும், வெளியூரில் பிழைப்பவர்களும் அந்த இரவுக்காகவாவது வந்து சேருவார்கள். ஆனால் வருகிறவரின் புகழ் ஊர்க்கலையை விழுங்கிவிடாமல் ஏற்பாடு செய்ய வேண்டுமானால், மேடை போடுவதற்கு வெகுமுன்பே, நோட்டீஸ் அச்சிடும் இடத்திலேயே கவனம் தொடங்க வேண்டும்.

சில ஆண்டுகளுக்கு முன் எங்கள் ஊர் நோட்டீஸில் பாடகரின் படம் அரைப்பக்கத்தை அடைத்துக்கொண்டது; வள்ளி திருமணக் கதையைப் பாடி ஆடும் வள்ளி கும்மிக்கு மாதக்கணக்கில் இரவுதோறும் பயிற்சி எடுத்திருந்த குழு, அடிவரியில் ‘மற்றும் கும்மி’ என்று இரண்டே சொல்லில் அடங்கிப்போனது. அச்சுக்குப் போகுமுன் பிழை பார்த்தவன் நானே. எழுத்துப்பிழை எதுவும் என் கண்ணுக்குப் படவில்லை. ஆகவே முதல் வேலையாக அந்த ‘மற்றும்’ என்ற சொல்லை அடித்துவிடுங்கள். கும்மி ஆசிரியரின் பெயர், அவருடைய ஊர், குழுவின் பெயர், துடும்பு, பறை ஆகிய தோல்கருவிகளை அடிப்பவர்களின் பெயர் ஆகியவற்றைப் பாடகரின் பெயர் உள்ள அதே அளவு எழுத்தில் போடுங்கள். இதை வெறும் மரியாதைக் கணக்காக எண்ண வேண்டாம். 2021இல் பெரும் வரவேற்புப் பெற்ற ஒரு தனியிசைப் பாடலை எழுதி, அதில் பாடியும் இருந்த ராப் பாடகர் அறிவு, அந்த ஆண்டே ஓர் இசை இதழின் அட்டைப்படத்தில் இடம்பெறாமல் போனபோது எழுந்த விவாதம், பாட்டு எவ்வளவு தூரம் போனாலும் அதைத் தந்தவரின் பெயர் அதனுடன் போகும் என்பதற்கு உறுதியில்லை என்பதைக் காட்டியது. பெரிய இதழுக்கே நேர்ந்தது நமது நோட்டீஸுக்கு நேராதா?

புகழும் பண்பாடும் ஒன்றுக்கொன்று பகை என்று கமிட்டியில் யாரேனும் வாதிட்டால், அவருக்குக் கே. பி. சுந்தராம்பாளை நினைவூட்டலாம். 1935இல் ஒரு படத்துக்கு ஒரு லட்சம் ரூபாய் ஊதியம் பெற்ற அந்த அம்மையாரின் பெயருக்கு முன்னால் நிற்கும் ‘கே’ என்பது காவிரிக்கரைக் கொடுமுடிதான். அவர் போன இடமெல்லாம் ஊரும் தலையெழுத்தாகக் கூடவே போயிற்று. ஒயில் கும்மியில் பெண்களுக்கும் பயிற்சியளித்த கோவை மாவட்டத்து பத்ரப்பனுக்கு 2024இல் பத்மஸ்ரீ அறிவிக்கப்பட்டபோது அவருக்கு வயது 87. இத்தகையவர்களின் வரிசையில் வருகிறவர்தான் உங்கள் ஊர்க் கும்மி ஆசிரியரும் என்று பாடகரை அறிமுகப்படுத்தும் தொகுப்பாளரிடம் எழுதிக் கொடுங்கள், அவராகச் சொல்லமாட்டார்.

அடுத்தது நேரம். இதில்தான் பெரும்பாலும் சண்டை வரும். ஒலிபெருக்கி விதிப்படி இரவு 10 மணிக்குமேல் திறந்தவெளியில் ஒலிபெருக்கி கூடாது; மாநில அரசு குறிப்பிட்ட சில விழா நாள்களுக்கு மட்டும் 12 மணிவரை தளர்வு தரலாம். ஆகவே 10 மணியைக் கடைசி எல்லையாக வைத்துப் பின்னோக்கிக் கணக்கிடுங்கள். நான் சொன்ன அந்த ஆண்டு, கோவையில் இரவு விமானத்தைப் பிடிக்க வேண்டும் என்று பாடகர் முன்கூட்டியே மேடையேற விரும்பியதால், கும்மியைப் பாதியில் நிறுத்தினோம். வள்ளி தினைப்புனத்தில் பரண்மேல் நின்று கிளி ஓட்டிக்கொண்டிருந்த கட்டம் அது. ஒரே நிறச் சேலையில் வியர்வையோடு நின்ற பெண்களில் மூத்தவர் ஒருவர் என்னிடம் வந்து, “ஏனுங் தம்பி, வள்ளிக்கு இன்னும் கல்யாணமே ஆகுலீங்களே, அதுக்குள்ள மைக்கைப் புடுங்கிப் போட்டீங்களே” என்றார். முருகன் வந்து மணம் முடிக்காமல் கும்மி முடியாது என்பது எனக்குத் தெரியாததன்று. ஒப்பந்தத்தில் புறப்படும் நேரத்தை எழுதி வாங்காததுதான் என் தவறு. கும்மிக்குத் தனி இரவு ஒதுக்குவதே நல்லது. முடியாதெனில் 6 முதல் 8 மணிவரை கும்மி என்றும், அதற்குமுன் கச்சேரி தொடங்காது என்றும் பாடகரின் மேலாளரிடம் எழுத்தில் வாங்குங்கள்.

கும்மியை மேடையில் ஏற்றவும் வேண்டாம். வட்டம் சுற்றி அடியெடுத்து வைக்கும் ஆட்டத்துக்கு மண்தரை வேண்டும். முன்கூட்டியே தண்ணீர் தெளித்துவிட்டால் புழுதி எழாது. கச்சேரிக்கு வந்த ஒலியமைப்பாளரிடம் கம்பியில்லாத மைக் ஒன்றை ஆசிரியருக்கென்று தனியே கேட்டு வாங்குங்கள். பறைக்காரர்கள் தோலைத் தீயில் காய்ச்சி விறைப்பேற்றிய பின் காக்கவைத்தால் மீண்டும் காய்ச்ச வேண்டியிருக்கும் என்பதையும் மறவாதீர்கள்.

பாட்டுத் தேர்வில் ஒரு சொல். ஊர்க்கலைஞர்களைத் திரைப்பாட்டு வாசிக்கச் சொல்லிக் கேட்பது கமிட்டிக்காரர்களின் பழைய நோய், நானும் கேட்டிருக்கிறேன். கோவைக்கு மேற்கே ஆனைகட்டியைத் தாண்டினால் வரும் கேரளத்து அட்டப்பாடியைச் சேர்ந்த நஞ்சியம்மா, தம் இருளர் மொழிப் பாட்டை அம்மொழியிலேயே ஒரு மலையாளப் படத்தில் பாடி, 2022இல் அறிவிக்கப்பட்ட தேசிய விருதைப் பெற்றார். முறையான இசைப் பயிற்சி இல்லாதவருக்கு விருதா என்று கேட்டவர்களும் இருந்தார்கள். அங்கே சினிமாதான் அவருடைய பாட்டைத் தேடி வந்தது. ஆகவே வரும் பாடகரிடம், கும்மி மெட்டு ஒன்றை ஆசிரியரோடு சேர்ந்து இரண்டு அடியேனும் பாடமுடியுமா என்று முன்கூட்டியே கேட்டுப் பாருங்கள். பலர் மகிழ்ச்சியோடு ஒப்புக்கொள்கிறார்கள்.

பணமும் பந்தியும் கடைசியாக வந்தாலும் அவற்றில்தான் ஊரின் மனம் தெரியும். பாடகருக்கு முழுத்தொகையையும் மேடையேறுமுன் எண்ணிக் கொடுத்துவிட்டு, துடும்புக்காரர்களை நோம்பியின் நிறைவில் வரும் மஞ்சள் நீராட்டு முடிந்து வரச்சொல்லி அலையவிடுவதை நிறுத்துங்கள். இருவருக்கும் ஒரே விகிதத்தில் முன்பணம், ஒரே இரவில் மீதி. சாப்பாட்டிலும் பாடகருக்குத் தனி அறை, பறைக்காரர்களுக்குக் கடைசிப் பந்தி என்று பிரித்தால், நோட்டீஸில் போட்ட பெரிய எழுத்து பொய்யாகிவிடும். பதிவுசெய்த காணொளியை யூடியூபில் ஏற்றுகிற பையனிடமும், தலைப்பில் ஆசிரியரின் பெயரையும் ஊரையும் சேர்க்கும்படி சொல்லி, ஏற்றியபின் ஒருமுறை நீங்களே திறந்து பாருங்கள்.