முந்திச் செல்லும் ரயிலை நடைமேடையிலிருந்தே கணிப்பது எப்படி

தர்மபுரி மாவட்டத்தில் ரயில் பார்ப்பவருக்கு இரண்டு வகைப் பாதைகள் வாய்த்திருக்கின்றன. ஜோலார்பேட்டையிலிருந்து சேலம் செல்லும் இரட்டைப் பாதை மொரப்பூர், பொம்மிடி வழியாகச் செல்கிறது. ஓமலூரிலிருந்து தர்மபுரி, பாலக்கோடு, ராயக்கோட்டை வழியாக ஓசூர் செல்வது ஒற்றைப் பாதை. விரைவு ரயில் மெதுவான ரயிலை எவ்வாறு முந்துகிறது என்பதை முதலில் மொரப்பூர்ப் பாதையில் கற்றுக்கொள்வதே நல்லது. அங்கே எதிர்த்திசை ரயில்களுக்குத் தனித் தண்டவாளம் இருப்பதால் குழப்பம் குறைவு.

ரயில், பேருந்தைப் போல ஓடிக்கொண்டிருக்கும்போதே விலகி முந்த இயலாது. மெதுவான ரயில் ஒரு நிலையத்தில் நேராகச் செல்லும் மெயின் லைனை விட்டு, பக்கத்தில் பிரிந்து மீண்டும் அதில் சேரும் லூப் லைனுக்குள் ஒதுங்கி முழுமையாக நின்ற பிறகே, பின்னால் வருவது மெயின் லைனில் நேராகக் கடந்து செல்லும். ஆகவே முந்துதல் எந்த நிலையத்தில் நடக்கும் என்பதே கணிக்க வேண்டிய கேள்வி.

இதற்கு அடிப்படையான விதி ஒன்று உண்டு. தானியங்கி சிக்னல் இல்லாத பாதைகளில், இரண்டு நிலையங்களுக்கு இடைப்பட்ட பகுதியில் ஒரு நேரத்தில், ஒரே தண்டவாளத்தில், ஒரே ரயில்தான் இருக்கலாம். முன்னால் சென்ற ரயில் அடுத்த நிலையத்திற்கு முழுமையாக வந்து சேர்ந்ததை, அதன் கடைசிப் பெட்டியில் மாட்டிய எல்.வி. ('லாஸ்ட் வெஹிக்கிள்', அதாவது கடைசி வண்டி) பலகையையோ இரவில் சிவப்பு விளக்கையோ பார்த்து உறுதிசெய்து, சிக்னலை மீண்டும் சிவப்புக்குக் கொண்டுவந்த பின்னரே, அந்நிலையத்தின் ஸ்டேஷன் மாஸ்டர் பின்னால் வரும் ரயிலுக்கு 'லைன் கிளியர்', அதாவது அந்தப் பகுதிக்குள் வர அனுமதி, கொடுப்பார்.

இப்போது ஒரு கணக்கைத் தாளில் போட்டுப் பாருங்கள். பத்துப் பத்து கிலோமீட்டர் இடைவெளியில் அ, ஆ, இ என்று மூன்று நிலையங்கள் இருப்பதாகக் கொள்வோம். மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் ரயில் 6.00 மணிக்கு அ-வைக் கடக்கிறது. வேகம் குறைத்து ஆ-வின் லூப்பில் நிற்க 6.12 ஆகிவிடும், வந்து சேர்ந்ததை உறுதிசெய்து, பாயின்ட்டை (ரயிலைத் தண்டவாளம் மாற்றிவிடும் அமைப்பை) மாற்றி, லைன் கிளியர் கொடுக்க 6.15 ஆகும். மணிக்கு 100 கிலோமீட்டர் வேகத்தில் வரும் விரைவு ரயிலின் லோகோ பைலட் தொலைவிலிருந்தே பச்சையைப் பார்க்க வேண்டுமென்றால், அது 6.18-க்கு முன் அ-வை அடையக் கூடாது. அது 6.24-க்கு ஆ-வையும் 6.30-க்கு இ-யையும் கடக்கும். அதன் பிறகே மெதுவான ரயிலுக்கு வழி கிடைக்கும் என்பதால், அது 6.32 அளவில்தான் புறப்படும். விரைவு ரயில் கண்ணுக்குத் தெரிந்தது சில விநாடிகள். காத்திருந்ததோ இருபது நிமிடங்கள். இதை அறியாமல் 'ஒரு ரயில் போவதற்கா இவ்வளவு நேரம்' என்று வருந்தும் பயணிகளைப் பார்க்கும்போதெல்லாம் இந்தக் கணக்கைப் பள்ளியிலேயே சொல்லிக்கொடுக்கலாம் என்று எனக்குத் தோன்றும்.

அதே விரைவு ரயில் 6.14-க்கே அ-வுக்கு வருவதாக இருந்தால், மெதுவானதை அ-விலேயே நிறுத்திவைப்பதா, விரைவு ரயிலைச் சற்றுத் தாமதிக்க விடுவதா என்று கோட்டக் கட்டுப்பாட்டு அறையில் உள்ள கன்ட்ரோலர் முடிவு செய்கிறார். நேரத்தை ஒரு பக்கமும் தொலைவை இன்னொரு பக்கமும் குறித்து, ஒவ்வொரு ரயிலையும் ஒரு சாய்கோடாக வரைவதே அவருடைய வழி. இரண்டு கோடுகள் வெட்டிக்கொள்ளும் இடம் ஒரு நிலையத்தில் அமைய வேண்டும். கால அட்டவணையையும் வரைபடத் தாளையும் வைத்து நீங்களும் இதை வரையலாம். சரக்கு ரயிலானால், அதன் முழு நீளமும் லூப்பில் அடங்குமா என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். அடங்காத ரயிலுக்கு அந்த நிலையம் பயன்படாது.

பெட்டிக்குள் இருப்பவருக்கும் அடையாளங்கள் உண்டு. நிலையத்துக்குள் நுழையும்போது வேகம் 30 கிலோமீட்டருக்கோ அதற்குக் கீழோ குறைந்து, பெட்டி பக்கவாட்டில் அசைந்து தடதடத்தால் லூப்பில் நுழைகிறீர்கள். நின்ற பிறகு நடைமேடையின் முனையைப் பாருங்கள்: உங்கள் பாதையின் ஸ்டார்ட்டர் (புறப்பட அனுமதிக்கும் சிக்னல்) சிவப்பாகவும், அதே திசையில் மெயின் லைன் ஸ்டார்ட்டர் பச்சையாகவும் இருந்தால் உங்களை முந்த ஒரு ரயில் வருகிறது.

ஒற்றைப் பாதையில் இது சற்றுக் கடினம். கோயம்புத்தூர் – பெங்களூரு வந்தே பாரத் 2023 டிசம்பர் 30 அன்று தொடங்கிவைக்கப்பட்டதிலிருந்து தர்மபுரி வழியாக ஓடுகிறது. அதற்கு முன்னால் செல்லும் ரயிலை மட்டுமல்லாமல், எதிரே வரும் ரயிலையும் ஏதேனும் ஒரு நிலையத்தில் ஒதுக்கியாக வேண்டும். எனவே இங்கே உங்கள் ரயில் நின்றால் அது எதிர்த்திசை ரயிலுக்கான 'கிராசிங்' ஆகவும் இருக்கலாம். உங்கள் திசையின் மெயின் லைன் ஸ்டார்ட்டரும் சிவப்பாகவே இருந்தால் பெரும்பாலும் அதுதான்.

காத்திருக்கும்போது நடைமேடை இல்லாத பக்கமாக இறங்கி நிற்பதை மட்டும் தயவுசெய்து தவிருங்கள். விரைவு ரயில் வரப்போவது பெரும்பாலும் அந்தப் பக்கத்தில்தான். நிற்காத ரயில் வேகத்தையும் குறைக்காது. அது சென்ற பிறகும் அடுத்த நிலையத்தைக் கடக்கும்வரை சில நிமிடங்கள் இருக்கின்றன. உங்கள் ஸ்டார்ட்டர் மஞ்சளாகவோ பச்சையாகவோ மாறும்போது நீங்கள் பெட்டிக்குள் இருக்க வேண்டும்.