சவன்னாவில் பறவைக் கணக்கெடுப்பு: தவிர்க்க வேண்டிய தவறுகள்

சவன்னா என்றால் மரங்கள் அழிந்துபோன காடு என்ற நினைப்போடு கணக்கெடுக்கப் போவதுதான் இருப்பதிலேயே பெரிய தவறு. புல் பரந்து கிடக்க, மரங்கள் அங்கொன்றும் இங்கொன்றுமாக நிற்பதே அந்நிலத்தின் இயல்பு. இந்தியச் சவன்னாக்களில் பெரும்பரப்பு அரசுப் பதிவேடுகளில் தரிசு என்றே இருக்கிறது. மரம் நடவும் சூரிய மின்நிலையம் அமைக்கவும் அதில்தான் எளிதாகக் கை வைக்கிறார்கள். பிரேசிலின் செராடோ என்ற பெரிய சவன்னாவைச் சோயா வயல்கள் விழுங்கிவருகின்றன. இத்தகைய இடத்தில் கணக்கு பிசகினால் நிலத்துக்காகப் பேச ஆதாரமே இல்லாமல் போகும்.

மொத்த இனங்களின் எண்ணிக்கையை மட்டும் பார்ப்பதும் அந்த நினைப்பிலிருந்து வருவதுதான். புல்வெளியில் புதரோ நட்ட மரமோ அடர்ந்தால் கொண்டைக்குருவி, தையல்சிட்டு, தவிட்டுக்குருவி எல்லாம் வந்து சேரும்; பட்டியல் நீளும். அதற்குள் வானம்பாடியும் கல்கௌதாரியும் கானமயிலும் இடத்தைக் காலி செய்திருக்கும். அறிக்கையோ இதை முன்னேற்றம் என்று சொல்லும்! திறந்த வெளியையே நம்பி வாழும் இனங்களைத் தனியாகப் பிரித்துக் கணக்கிடுங்கள். புல்லின் உயரம், புதரின் அடர்த்தி, மேய்ச்சல், கடைசியாகத் தீப்பட்ட காலம் ஆகியவற்றையும் ஒவ்வோர் இடத்திலும் குறித்துக்கொள்ளுங்கள். பறவைகள் ஏன் கூடின, ஏன் குறைந்தன என்பதற்கு விடை பெரும்பாலும் அந்தக் குறிப்புகளில்தான் இருக்கும்.

கண்ணில் பட்டவை மட்டுமே அங்கு இருக்கின்றன என்று கொள்வது அடுத்த தவறு. காடை நம் கால் படும் தூரம் வரை புல்லுக்குள் பதுங்கியிருந்து, கடைசி நொடியில் விருட்டென்று எழும்பும். நாலடி தள்ளி நடந்திருந்தால் அது கணக்கிலேயே வந்திருக்காது. மேய்ந்து மொட்டையான தரையில் தொலைவிலிருந்தே தெரியும் பறவை, இடுப்பளவுப் புல்லில் அருகில் நின்றாலும் தெரியாது. அதனால் இரண்டு இடங்களின் வெறும் எண்ணிக்கைகளை ஒப்பிடவே கூடாது. பறவையை முதலில் பார்த்த இடம், நீங்கள் நடக்கும் கோட்டிலிருந்து செங்குத்தாக எவ்வளவு தொலைவு என்று அளந்து எழுதுங்கள். தவறவிட்டவை எத்தனை இருக்கும் என்று கணிக்க அந்த அளவுதான் உதவும். நெட்டைக்காலி பறந்துபோய் உங்கள் பாதையிலேயே முன்னால் இறங்கும். அதை மறுபடியும் எண்ணிவிடாதீர்கள்.

வண்டிப்பாதையை ஒட்டியே நடப்பது வசதிதான். ஆனால் ஓரத்து வேலியும் மின்கம்பியும் கீச்சானையும் கரிச்சானையும் ஈர்ப்பதால் கணக்கு ஒருபக்கம் சாய்ந்துவிடும்.

பருவத்தை மறந்துவிடக் கூடாது. வரகுக்கோழியின் ஆண் மழைக்காலத்தில் புல்லுக்கு மேலே எம்பிக் குதித்துத் துணையை அழைக்கும். மற்ற மாதங்களில் அதைப் பார்ப்பது மிகக் கடினம். பூனைப்பருந்துகளோ குளிர்கால விருந்தாளிகள். ஒரே பருவத்தில் போய்விட்டு ஓர் இனம் இல்லை என்று எழுதுவது அதற்குச் செய்யும் அநியாயம்.

தரையில் கூடு கட்டும் காலத்தில் கூட்டமாக நடக்காதீர்கள். பதிவுசெய்த குரலை ஒலிக்கவிட்டுப் பறவையை வெளியே இழுக்காதீர்கள். அருகிவரும் இனங்களின் கூடுகள் எங்கே இருக்கின்றன என்பதைப் பொதுவில் வெளியிடாதீர்கள். ஒரு பறவையும் தென்படாத நடையையும் பூஜ்யம் என்று நேரம், காற்று, வானிலையோடு பதிந்து வையுங்கள்.